கேட்டக்கா கேட்ட கேட்

அந்தக் குடியிருப்பில் நான்கு கட்டடங்கள், நூற்று நாற்பத்தெட்டு வீடுகள், ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் பதினோரு வருஷமாகப் பகல் காவலுக்கு நின்றவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அவள் கேட்டக்கா. நேற்றுப் பேசக் கற்றுக்கொண்ட பொடிசும் அப்படித்தான் கூப்பிடும். எழுபதைத் தாண்டிய பெரியவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவளைவிட முப்பது வயது மூத்த மனிதர் வாய் நிறைய "அக்கா" என்னும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

ஞாபகசக்தியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்த வீட்டு வண்டி எத்தனை மணிக்குப் போகும், எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை, எந்த வீட்டுக்குப் பொட்டலம் கொண்டுவருகிறவன் சில்லறை இல்லாமல் தவிப்பான், எல்லாம் அத்துப்படி. எந்த வண்டியையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவளுக்கு வாய்த்த எதிரி ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கேட். தண்டவாளத்தில் சக்கரம் வைத்து ஓடுகிற ஒற்றை இரும்புக் கேட். ஓடுகிற என்பது மரியாதைக்குச் சொல்வது. உடம்பைச் சாய்த்து, காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தால்தான் நகரும். தண்டவாளத்தில் மிளகளவு கல் விழுந்தாலும் முரண்டு பிடிக்கும்.

ஒரு நாள் காலை, கழற்றிய தொப்பியை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றுவிட்டது. உயிர் போகிற வலி. வைத்தியர் தோளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஜவ்வு தேஞ்சிருக்கும்மா. என்ன வேலை பாக்குறீங்க?"

"கேட் இழுக்குறேங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. வலியைவிட அதுதான் அவளை உறுத்தியது. ஊரார் வண்டி எண்ணெல்லாம் மனப்பாடம், தன் கை எத்தனை தடவை இழுக்கிறது என்று தெரியவில்லை. மறுநாள் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், திறக்கும்போது ஒரு கோடு, மூடும்போது ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். சாயங்காலம் கூட்டிப் பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. எங்கோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று மறுபடி கூட்டினாள். அறுநூற்றுப் பன்னிரண்டேதான்.

அவள் கணவர் தையல்காரர். பேச்சு குறைவு, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "வேலைய விட்டுடு" என்றார்.

"வேலை பிடிச்சிருக்குங்க. கேட்தான் பிடிக்கல."

மறுநாளே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரைப் பார்க்கப் போனாள். அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அவர் காதில் ஏறும்.

"சார், தானா திறக்குற கேட் போடணும்."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கேட் தானா திறந்தா, அப்புறம் நீங்க எதுக்கும்மா?"

"நான் காவலுக்கு வந்தவ சார். இப்போ இழுக்குறதுதான் வேலையா இருக்கு. இழுக்குறப்ப என் முதுகு ரோட்டுப் பக்கம் இருக்கு. அப்படிப் பாத்தா, ஒரு நாளைக்கு அறுநூறு தடவை யாரு வர்றா, யாரு போறான்னே எனக்குத் தெரியாது. குருவி காக்கா உள்ள போனாக்கூட தெரியாது."

செயலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தாள்.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தரைத்தளக் கூடத்தில் நடந்தது. காவலாளிகள் அந்தக் கூடத்துக்குள் நாற்காலி போட மட்டுமே போவது வழக்கம். அன்றைக்கு அவள் வாசற்படி ஓரமாக நின்றுகொண்டாள். செயலாளர் அவளுடைய மனுவைப் படித்து முடித்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது, குழந்தை மேல் மூடிக்கொண்டால் யார் பொறுப்பு, இத்தனை வருஷம் இது இல்லாமல் நாம் வாழவில்லையா. மூன்றாவது கட்டடத்து வக்கீலம்மா மட்டும் கரிசனமாக, "இதனால உங்க வேலைக்கே உலை வைக்கிறீங்களே, யோசிச்சீங்களா?" என்று கேட்டார்.

"யோசிச்சேன்மா. ஒரே ஒரு உதவி கேக்குறேன். உங்கள்ல யாராவது ஒருத்தர் வந்து பத்து தடவை அந்தக் கேட்டை இழுத்துப் பாருங்க. அதுக்கப்புறம் நீங்க எது சொன்னாலும் சரி."

எல்லாக் கண்களும் ஒரே ஆளிடம் போயின. முதல் கட்டடத்தில், தினமும் விடிகாலையில் கர்லாக்கட்டை சுற்றுகிற ஒருவர் உண்டு. பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். கூட்டமே பின்னால் போனது. முதல் மூன்று தடவை அலட்சியமாக இழுத்தார். ஐந்தாவதில் பேச்சை நிறுத்தினார். ஏழாவதில் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. பத்தாவது முடிந்ததும் கேட்டின் மேலேயே சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்கியபடி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் கையத் தூக்குங்கப்பா."

தூக்கினார்கள்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. அறிவிப்புப் பலகையில் செயலாளர் கையெழுத்தோடு ஒரு தாள்: புதிய கேட் வந்த பிறகு பகல் காவலில் ஓர் ஆளைக் குறைப்பது பற்றிப் பரிசீலிக்கப்படும். பகல் காவலில் இருந்ததே ஓர் ஆள்தான்.

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்ட" என்றார் தையல்காரர், தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். இரண்டு நாள் அவள் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், கேட் போடுகிற நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். ஒல்லியான இளைஞர், கையில் அளவு நாடா, கக்கத்தில் வரைபடம். பழைய கேட் இருந்த இடத்திலேயே மோட்டார் வைத்த கேட், அதற்கு முன்னால் மேலே எழும்புகிற குறுக்குக் கட்டை, வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய வில்லையைப் படித்துத் திறக்கச் சொல்லும் கருவி, எல்லாம் வரைந்து வைத்திருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இது சரி வராது."

"எங்க கணக்குப்படி சரியாத்தான்கா இருக்கு."

"உங்க கணக்கு காலைல எட்டு மணியப் பாத்திருக்கா?"

பொறியாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு வந்து என் பக்கத்துல நில்லுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

வந்து நின்றார். உள்ளேயிருந்து எண்பது வண்டிகள் வெளியே முண்டின. வெளியேயிருந்து ஆறு பள்ளி வேன்கள் உள்ளே முண்டின. வாசலுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே இரண்டு வண்டி நிற்கத்தான் இடம், அதுவும் ஏற்றம். மூன்றாவது வேனின் பின்பாதி சாலையில் நீட்டிக்கொண்டு நிற்க, அதன் பின்னால் பேருந்து ஒலியெழுப்பியே காதைக் கிழித்தது. கட்டை எழுந்து இறங்கும் நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்த பொறியாளர் தன் வரைபடத்தைச் சுருட்டிவிட்டார்.

"வேற வழி இருக்காக்கா?"

நான்காவது கட்டடத்துக்குப் பின்னால் அவரை அழைத்துப் போனாள். உடைந்த பூந்தொட்டிகளும் பழைய மிதிவண்டிகளும் குவிந்து கிடந்த இடம். அவற்றுக்குப் பின்னால் துருப்பிடித்த ஒரு கேட். கட்டடம் கட்டிய காலத்தில் லாரிகள் வந்து போன வழி. பூட்டிய பிறகு அப்படி ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் பெரிய சாலையில் போய்ச் சேர்ந்தது.

"உள்ள வர்றது அங்க. வெளிய போறது இங்க. ஒண்ணோட ஒண்ணு முட்டாது."

பொறியாளர் தொட்டிகளைத் தாண்டிக் குதித்து நாடாவைப் பிடித்தார். "பதினாலடி. தாராளம்" என்றவர், அந்தச் சந்தின் கோடி வரை பார்த்துவிட்டு, "வேற என்னக்கா?" என்றார். முதல் நாள் பேச்சில் இருந்த தோரணை இப்போது இல்லை.

அவள் அடுக்கினாள். குறுக்கே ஏதாவது நின்றால் கட்டையை இறங்கவிடாமல் தடுக்க வரைபடத்தில் போட்டிருந்த மின்கண் இடுப்பு உயரத்தில் மட்டும் போதாது, முட்டி உயரத்திலும் ஒன்று வேண்டும். மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிற பொடிசுகள் இடுப்பு உயரம்கூட இல்லை. நடந்து போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன வழி. ஆம்புலன்ஸ் நெற்றியில் யாரும் வில்லை ஒட்டி அனுப்பமாட்டார்கள், ஆகவே ஒரே அழுத்தில் இரண்டு பக்கமும் திறக்க ஒரு பொத்தான். கரண்ட் போனால் கட்டை மேலேயே நிற்க வேண்டும், கீழே விழக் கூடாது. பொறியாளர் வரைபடத்தின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே அவர் செயலாளரிடம் புதிய வரைபடத்தை விரித்தார். அவளையும் கூடவே நிற்க வைத்துக்கொண்டார். "ரெண்டு வாசலையும் திரையில பாத்துக்க கண்டிப்பா ஒரு ஆள் வேணும் சார். அது இவங்களா இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். இதுல பாதி இவங்க சொன்னது." செயலாளர் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அறிவிப்புப் பலகையில் இருந்த தாளைத் தன் கையாலேயே கிழித்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம் பள்ளம் தோண்டினார்கள், கம்பி பதித்தார்கள், தீப்பொறி பறக்க இரும்பை ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலை திறப்பு. எந்தப் பால்கனியைப் பார்த்தாலும் கையில் குவளையோடு ஒரு தலை. முதல் மரியாதை செயலாளர் வண்டிக்கு. கம்பீரமாக வந்து நின்றார். கட்டை அசையவில்லை. பால்கனிகளில் முணுமுணுப்பு எழுந்தது. கேட்டக்கா நிதானமாக வண்டியைச் சுற்றி வந்தாள்.

"சார், வில்லைய முன்கண்ணாடில ஒட்டணும். நீங்க பின்கண்ணாடில ஒட்டியிருக்கீங்க."

பயில்வான் சிரித்த சிரிப்பு நாலாவது கட்டடம் வரை கேட்டது. செயலாளரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அவள் தன் அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். கட்டை எழுந்து நின்றது. அதற்குப் பிறகு யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக வண்டிகள் நழுவிப் போய்க்கொண்டே இருந்தன. ஒருவரும் ஒலியெழுப்பவில்லை. வழக்கமாக முக்கால் மணி நேரம் பிடிக்கிற கூத்து இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கடைசியாக வந்த வேன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "என்னக்கா, இன்னைக்கு லீவா? ஒருத்தரையும் காணோம்" என்றார்.

"எல்லாரும் போயாச்சுப்பா. நீதான் லேட்டு."

அவர் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த வேளையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் மேல் கால் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தாள். போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், இரண்டாவது கட்டடத்துப் பாட்டு வாத்தியார் வழக்கம்போல் ஐந்து மணிக்கு நடக்கப் போனார். ஐந்தே முக்காலுக்குள் திரும்பிவிடுகிறவர். ஆறாகியும் வரவில்லை. திரையில் சந்துப் பக்கம் பார்த்தாள். கோடியில், சுவரோரம், ஒரு கைத்தடி கிடந்தது. ஓடினாள். மனிதர் வியர்த்து ஊற்றி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தார். அவர் மகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஓடிக்கொண்டே போனில் சொல்லியாகிவிட்டது. அவள் ஓடுவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்த பயில்வானை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அறைக்குத் திரும்பிப் பொத்தானை அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது இரண்டு கட்டைகளும் வானத்தைப் பார்த்து நின்றன. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறி, எந்தக் கட்டைக்காகவும் நிற்காமல் சந்துக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. பத்து நாளில் வாத்தியார் தன் காலால் நடந்து வீடு திரும்பினார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. அவளை வாசல் மேற்பார்வையாளராக நியமிக்கும் தீர்மானத்தைச் செயலாளரே எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. வாத்தியார்தான் கடைசி வரை தட்டிக்கொண்டிருந்தார், அதுவும் தாளம் தப்பாமல். தையல்காரர் அவளுக்குப் புதுச் சீருடை தைத்துக் கொடுத்தார். "நான் தப்பா சொல்லிட்டேன்" என்பதைத்தான் அவர் அந்தச் சீருடையின் இரண்டு பைகளிலும் இரட்டைத் தையல் போட்டுச் சொன்னார். அவளுக்குப் புரிந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம் பொறியாளர் போன் பண்ணினார். வேறு ஒரு குடியிருப்பு, நானூறு வீடு, வரைபடம் எல்லாம் தயார். "நீங்க ஒரே ஒரு காலை வந்து நின்னு பாருங்கக்கா. அதுக்கப்புறம்தான் நான் தோண்டுவேன்."

சீருடையில் போனாள். ஏழே முக்காலிலிருந்து எட்டரை வரை சாலையோரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். அந்தக் குடியிருப்பின் தலைவர் பொறியாளர் காதருகே வந்து, "இந்தம்மா யாரு?" என்று கேட்டார்.

"இவங்க சரின்னு சொன்னாத்தான் சார் எங்க வேலையே ஆரம்பிக்கும்."

கேட்டக்கா நோட்டை மூடினாள். கட்டை வைக்க வாசலுக்குக் குறுக்கே சுண்ணாம்பில் போட்டிருந்த கோட்டருகே வந்து நின்று, உள்பக்கமாகப் பத்தடி நடந்து, காலால் தரையில் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்க."

பொறியாளர் மறுபேச்சு பேசாமல் பழைய கோட்டை அழித்தார்.