காது பரிசோதித்தவர்

உக்கடத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில்தான் அந்த ஆளைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, வழித்துச் சீவிய தலை, சுண்டுவிரலில் மட்டும் நீளமாக நகம். அந்த நகத்தால் தன் காதைக் குடைவார், வந்ததை உற்றுப் பார்ப்பார், கோட்டில் துடைத்துக்கொள்வார். அதே விரலால்தான் என் அக்காவின் நெற்றியில் வயர்களை ஒட்டினார்.

முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் வேலை செய்தவள் அக்கா. பேச்சு சரியாக விளங்கவில்லை என்று அழைத்துப் போயிருந்தேன். சத்தம் கேட்டதும் மூளை எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்களாம்.

"பொம்பளைங்க மூளை ஆம்பளைங்களத விடச் சீக்கிரமாப் பதில் சொல்லுமுங்க. வயசானா ரெண்டு பேருக்கும் மெதுவாயிருமுங்க" என்றார்.

"அக்காவுக்குக் காது மெஷின் வெக்கோணுமுங்களா?"

"அறுபது வயசுப் பொம்பளைக்கு எதுக்குங்க? குக்கர் விசில் கேட்டாப் போதாதுங்களா?"

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன்.

கண்ணை மூடியிருந்த அக்கா, வயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து அவர் மேஜையில் வைத்தாள்.

"நீங்க பேசுறதும் கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

"பாத்தீங்களா, மூளை நல்லா வேலை செய்யுது!" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அதன் பிறகு எந்தப் பரிசோதனைக்கும் அக்கா வர மறுத்துவிட்டாள். காதைப் பற்றி அவ்வளவு தெரிந்த மனிதருக்கு, எதிரே இருப்பவளுக்குக் கேட்கும் என்று ஏன் தோன்றவில்லை? அவரை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் என் சிரிப்பும் அக்காவுக்குக் கேட்டிருக்கும்.