ராயபுரம் நேரத்தில் திறந்த நோன்பு

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. இங்கே கிளம்பும் லாரி ஹார்பர் கேட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று நான் சொல்ல வேண்டும். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஒருநாளும் நான் சொன்ன நேரம் பலித்ததில்லை. அதனாலோ என்னவோ, விமானம் என்றால் எனக்கு ஒரு மயக்கம். துபாய் மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள்.

போன ரமலானில் துபாயில் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அம்மாவும் நானும் கிளம்பினோம். மதியம் மூன்றே முக்காலுக்கு விமானம். பயணத்தில் இருப்பவர்கள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம் என்று அம்மாவுக்கு நினைவூட்டினேன்.

"நாலு மணி நேரம் குந்திகினு போறதுக்குப் பேரு பிரயாணமா? மாதவரத்துல பஸ் ஏறி நெல்லூரு போவவே அவ்ளோ நேரம் ஆவுது" என்றாள்.

அம்மா பிடிக்கும்போது நான் மட்டும் எப்படித் தின்பது? நானும் பிடித்தேன். அவள் நோன்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கணக்கும் போட்டு வைத்தேன். நாங்கள் குடியிருக்கும் ராயபுரத்தில் நோன்பு திறப்பு ஆறு இருபதுக்கு. அந்த நேரத்துக்கு போனில் அலாரம் வைத்தாயிற்று. இதில் எனக்குப் பெருமை வேறு.

அலாரம் அடித்தது. பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு, மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தேன். பிறகுதான் சன்னலோரம் இருந்த அம்மாவிடம் பொட்டலத்தை நீட்டினேன்.

"எனக்கு அப்பால குடு" என்று சன்னலைக் காட்டினாள்.

எட்டிப் பார்த்தேன். மேகத்துக்கு மேலே சூரியன் ஜம்மென்று நின்றிருந்தது. சூரியன் மறையாமல் நோன்பு திறந்தால் அது நோன்பே இல்லை. என்னுடையது போயிற்று. அம்மாவுடையது மட்டுமாவது நிற்க வேண்டும்.

வெட்கமாக இருந்தது. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. சூரியன் மேற்கே போக, நாங்களும் அதன் பின்னாலேயே மேற்கே ஓடிக்கொண்டிருந்தோம். இன்னும் வேகமாகப் போனால் அது மறையவே மறையாதோ? அரை மணி போனது, ஒரு மணி போனது, கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. அம்மாவின் உதடு காய்ந்துவிட்டது.

"போதும்மா, குடிச்சிடு."

"அது அங்க கீதுடா. எப்டி குடிக்கிறது?"

இறங்கியபோது அங்கே மணி ஆறு பதினைந்து. நான் பழம் தின்ற ஆறு இருபது அந்த ஊருக்கு இன்னும் வரவேயில்லை! விமான நிலையத்தில் மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்ட பிறகே அம்மா வாயில் தண்ணீர் வைத்தாள். ராயபுரத்தில் இருந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் முன்பே திறந்திருப்பாள்.

பெருநாள் முடிந்து ஊர் திரும்பியதும், போன நோன்புக்கு ஈடாக ஒரு நாள் நோன்பு பிடித்தேன். மதியம் பார்த்தால் அம்மாவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உன் நோன்புதான் நின்னுச்சே. நீ எதுக்கு?"

"சன்னலாண்ட குந்திகினு இருந்தது நான்தானே. நீ பேரீச்சம்பழத்தக் கையில எடுக்கும்போதே சூரியனப் பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"உன் மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு நைனா. மனசு வரல."