மொரிட்டா கடைக் கறி

தூத்துக்குடியில் நர்ஸாக இருந்த அமலிக்கு அமெரிக்காவில் அந்த வேலை வாய்க்கவில்லை. லைசென்ஸ் பரீட்சை கைகூடாமல் போனதும், சான் ஹோசே ஜப்பான்டவுனில் மொரிட்டா உணவகத்துச் சமையலறையில் சேர்ந்தாள்.

முதலாளியின் தாத்தா காலத்துக் கடை அது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, இந்தக் குடும்பமும் கடையைப் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். விடுதலையாகி வந்து மறுபடி திறந்திருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் வழி வந்த, மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா, சோறு பொதிந்த ஆம்லெட், வெள்ளைக்காரர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோன கறி என்று சாப்பாட்டில் பாதி வெளியூர்ச் சரக்கு.

"கறியாம்! வெண்ணெயில மாவை வறுத்து, ஆப்பிள் வேற துருவிப் போடறாங்க," என்று முதல் நாள் கணவன் ரூஃபஸிடம் சிரித்தாள். போகப்போக அந்தக் கெட்டிக் கறியைக் கிண்டுவது அவள் பொறுப்பாயிற்று. முதலாளி கென் மொரிட்டா மனைவியை இழந்தவர், பேச்சும் குறைவு. ருசி பார்த்துத் தலையசைத்தால் அதுதான் பாராட்டு.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம், கடை நிறைந்த கூட்டம். கென் கையிலிருந்து கரண்டி நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கவாதம் என்று அமலிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"உக்காருங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்."

"வேண்டாம்... கூட்டம்... போகட்டும்," என்று குழறினார்.

அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போன் செய்தாள்.

உயிர் தங்கியது. பேச்சும் வலது கையும் போயின. சியாட்டிலிலிருந்து வந்த மகள் நவோமி கடையை மூடினாள். "அப்பா இல்லாம நான் எப்படி நடத்துவேன்?" என்று அமலியிடம் அழுதாள்.

கென்னை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். கூழாக மசித்த சாப்பாடுதான் தொண்டையில் இறங்கும். அதையும் தள்ளிவிட்டார். அமலி சன்னிவேலில் தன் வீட்டில் அதே கறியைக் காய்ச்சி, காய்களை மசித்து, அங்கிருந்த நர்ஸிடம் கேட்டுக்கொண்டு ஊட்டினாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. அடுத்ததற்கு இடது கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். கண்ணீர் வழிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் ரூஃபஸ் கேட்டான்: "பிடிக்கலையா அவருக்கு?"

"ருசி தெரிஞ்சுது. அதான் தாங்க முடியல." கொஞ்ச தூரம் போனபின், "அன்னிக்கு நான் போன் பண்ணியிருக்கக் கூடாதோ?" என்றாள்.

ஜூலையில் நிமோனியா வந்து கென் இறந்தார். அமலி இப்போது ஒரு டேகேரில் குழந்தைகளுக்கு உறைந்த சாப்பாட்டைச் சூடாக்கித் தருகிறாள். வீட்டில் அந்தக் கறியை அவள் மறுபடி வைக்கவில்லை.