பெயர் மறைந்த கல்லறைகள்

சுண்ணாம்பு வேகும்போது ஒரு மணம் வரும். தொண்டையைக் கரகரக்க வைத்தாலும் இன்னொரு தடவை மோந்து பார்க்கச் சொல்கிற மணம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, தெலுங்கு ஊரான பங்காருபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அந்த மணம்தான். வாசலுக்கு வாசல் பக்கெட்டுகளில் சுண்ணாம்பு கொப்பளிக்க, ஆட்கள் பிரஷ்ஷும் சாமந்திப் பூவுமாக ஊர்க்கோடிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். "சமாதுல பண்டக", கல்லறைப் பண்டிகை, என்றார்கள். மறுநாள் விடியுமுன் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி, அங்கேயே ஈஸ்டர் ஆராதனை நடத்துவார்களாம். மாங்காய் மண்டி வேலைக்காகக் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத எங்களுக்கு இது புதுசு. அந்தத் தோட்டத்தில் எங்களுக்கும் ஒரு கல்லறை இருந்தது அதைவிடப் புதுசு.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு நாள் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நைனா, என் அப்பா, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்துக்கு அப்புறம் அம்மா அந்தத் திசைக்கே போகவில்லை. சர்ச்சுக்கு வருவாள், ஆனால் சொந்த ஊரில் சபைக்கே பாட்டு எடுத்துக்கொடுத்தவள், இங்கே புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நிற்பாள். நைனாவோடு அம்மாவின் குரலையும் சேர்த்துப் புதைத்துவிட்டோமோ என்பதுதான் பத்து வயதில் எனக்கிருந்த ஒரே பயம்.

பக்கத்து வீட்டுக் கருணா அக்கா வாசலில் நின்று, அம்மாவை அண்ணி முறை வைத்து, சத்தம் போட்டார்: "வதினா, எம்மா நாளு இப்படியே குந்திக்கினு இருப்ப? அண்ணன் சமாதிக்கும் நானே சுண்ணாம்பு அடிச்சிட்டேன். விடிகாலைல வந்து சேரு."

மறுநாள் கருக்கலில் என்னைத் தட்டி எழுப்பியது அம்மாதான்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை கல்லறைகளும் பால் வெள்ளை. ஒன்றிலும் பெயர் இல்லை. அங்கே பெயரைப் பெயின்டில்தான் எழுதுவார்கள். சுண்ணாம்பு அடித்தால் அதுவும் மறைந்துவிடும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி எழுதுவார்கள். வேப்பமரத்தை ஒட்டினது என்ற ஞாபகத்தில் அம்மா விறுவிறுவென்று போய் ஒரு கல்லறைமேல் விழுந்து, நாலு மாதமாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். அந்தத் தோட்டத்தில் வேப்பமரம் இரண்டு இருந்ததை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பூக்கூடையோடு வந்த ஒரு பெண், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இது எங்க மாமனாரு சமாதி. நீ யாரு?"

அம்மா தலையைத் தூக்கினாள்.

"எங்க அத்த கூட இந்த மனுசனுக்காக இப்படி அழுததில்லக்கா!"

அம்மா கண்ணீரோடு சிரித்துவிட்டாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! எழுந்து, வீட்டுக்காரர் கல்லறை என்று நினைத்துவிட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனவளை அந்தப் பெண் கையமர்த்தினாள். "இருக்கட்டும். எந்திரிக்கிற அன்னிக்கி எல்லாருமா ஒண்ணாதான் எந்திரிக்கப் போறாங்க. மாமாவே உங்க ஊட்டுக்காரரை எழுப்பி விடுவாரு."

அடுத்த மரத்தடியில் நைனா இருந்தார். நாங்கள் அங்கே மெழுகுவத்தி ஏற்றும்போது, சபைப் போதகர் ஐயகாரு தெலுங்கில் வேதம் வாசிக்கத் தொடங்கினார். பொழுது விடியும் நேரத்தில் கல்லறைக்குப் போன பெண்கள், தாங்கள் தேடி வந்தவர் அங்கே இல்லாததைக் கண்டு நடுங்கி நின்ற பகுதி. சின்ன வயசிலிருந்து கேட்டதுதான். ஆனால் அன்று அம்மா, அந்தப் பெண்களில் ஒருத்தியைப் போல, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கிழக்கே மாந்தோப்புக்கு மேல் வெளிச்சம் பரவப் பரவ, வெள்ளைக் கல்லறைகள் வரிசை வரிசையாக ரோஜா நிறமாயின. பாட்டு எழும்பியது. எல்லோரும் தெலுங்கில் பாட, அதே ராகத்தில் ஒரே ஒரு தமிழ்க் குரல். முதலில் கம்மி, பிறகு நிமிர்ந்து, எல்லாக் குரலுக்கும் மேலே போனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது!

நான் இன்று ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன், தடாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஈஸ்டருக்கு மட்டும் எப்படியும் பங்காருபாளையம் போய்விடுவேன். தோட்டத்தில் இப்போது சுண்ணாம்பு இல்லை, எல்லாம் கிரானைட். பெயரும் போட்டோவும் பொறித்திருப்பதால் யாரும் கல்லறை மாறி அழ வழியில்லை. அந்தப் பூக்கூடைப் பெண்ணின் குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டது. அம்மா மட்டும் வருஷா வருஷம் அவர்களுடைய கல்லறையில் முதல் மெழுகுவத்தியை ஏற்றி, "வரட்டா மாமா, பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நைனாவிடம் போகிறாள்.