மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடம்

1982 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்குக் கோவில்பட்டியில் பேருந்து ஏறினேன். அன்று பகல் இரண்டு மணிக்குச் சென்னையில் எனக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. கடிதம் முந்தின நாள் அந்தியில்தான் ஊருக்கு வந்தது. கரிசல் சேற்றில் மூன்று மைல் நடந்து, நானும் அம்மாவும் கோவில்பட்டி சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. நிறைந்து வந்த விரைவுப் பேருந்துகள் எதுவும் நிற்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த தீப்பெட்டித் தொழிற்சாலை அண்ணாச்சிதான் மதுரைக்குத் தொலைபேசியில் பேசி விமானச் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு அம்மாவின் கம்மல் போயிற்று.

“பத்து மணிக்கு பிளேன். இங்கன இருந்து விருதுநகர் போற நேரத்துல சென்னை” என்றார்.

“அம்புட்டு வெரசா போனா காது அடைக்காதா அண்ணாச்சி?” என்றாள் அம்மா.

“காதுல கிடந்ததுதான் போயிட்டே, இனி அடைச்சா என்ன?”

அம்மாவும் சிரித்தாள்.

8.10. மதுரை. நூறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆயிருந்தது. ஆட்டோவில் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் விமான நிலையத்தில் இறங்கினேன்.

9.20. சோதனை மேசையில் பெண் காவலர் என் பையைத் திறந்தார். எண்ணெயில் வறுத்த கோழிக்கறிப் பொட்டலத்தின் மேல், உடைந்த கதிரரிவாள் ஒன்று கிடந்தது.

“என்னம்மா இது?”

கறி கொண்டுபோனால் காத்துக்கறுப்பு அண்டாமலிருக்க இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். அம்மா வைத்திருக்கிறாள். பக்கத்தில் கோட்டு போட்டவர்கள் நின்றார்கள். நான் கணிதப் பட்டதாரி.

“தெரியாது. யார் வச்சாங்கன்னே தெரியலை” என்றேன்.

அவர் முகம் மாறியது. என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக விமானத்தை நோக்கி நடந்தார்கள். கடைசியாக ஒரு குடும்பமும் போனபோது எழுந்து அவரிடம் போனேன்.

“எங்க அம்மா வச்சது. உள்ள கறி இருக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஊரு?”

“கோவில்பட்டி பக்கம்.”

“ஏட்டி, இத மொதல்லயே சொன்னா என்ன? எங்க ஆத்தா கரித்துண்டாவது போடாம கறி தந்துவிட மாட்டா. அரிவாள நான் வச்சுக்கிடுதேன். பேய் வந்தா என்கிட்ட அனுப்பு. ஓடு!”

10.05. விமானம் எழுந்தது. நேர்கோட்டில் சுமார் நானூற்று இருபது கிலோமீட்டர். வைகை மணலாகக் கிடந்தது. காவிரியில் தண்ணீர் மின்னியது. காது அடைக்கத்தான் செய்தது.

11.15. மீனம்பாக்கம். மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து நடந்தேன். ஒரு மணிக்கெல்லாம் அலுவலக வாசலில் இருந்தேன்.

தேர்வில் ஓர் அதிகாரி, “பெற்றோர் என்ன படித்திருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

“ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை சார். பருத்தி விவசாயம்” என்றேன். அடுத்த கேள்விக்குப் போனார். அடுத்த மாதம் வேலைக்கான உத்தரவு வந்தது.

தேர்வு முடிந்து திரும்பும்போது ரயிலில் வந்தேன். ஓர் இரவு முழுவதும் பிடித்தது. அரிவாளைத் தெரியாது என்று சொன்னதை அம்மாவிடம் மறைக்கவில்லை.

“போலீசைக் கண்டா யாருக்குத்தான் பயம் வராது, விடு” என்றாள்.

அது பயம் இல்லை, வெட்கம் என்பதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.