ஒன்பதாம் எண், இரண்டு நிமிஷம்

போன வாரம் எங்கள் குடியிருப்பில் தண்ணீருக்கு ஓர் ஆப் வந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். யார் எத்தனை லிட்டர் செலவழித்தார்கள் என்று கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். நல்லதுதானே என்று இறக்கினேன். திறந்ததும் என் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டது. குழாய் எங்கே இருக்கிறது என்று குழாய்க்குத் தெரியாதா என்று நினைத்தபடி சம்மதித்தேன். அடுத்து, மைக்கைத் திறக்கலாமா என்றது. அங்கே நின்றுவிட்டேன். தண்ணீர் அளக்க வந்தவனுக்கு என் பேச்சு எதற்கு? நான் குளிக்கும்போது பாடுவது வழக்கம்தான். ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் இதுவரை எந்த லாபமும் ஏற்பட்டதில்லை.

இப்படிச் சந்தேகம் தட்டும்போதெல்லாம் நான் மேஜையின் மூன்றாவது இழுப்பறையைத் திறப்பேன். அங்கே ஒரு கருவி இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு, செங்கல்லின் தம்பி எடை. மூடியிருந்தால் ஃபோன். நடுவில் பிளந்தால் கம்ப்யூட்டர்: உள்ளே நீளமான திரை, கடுகு கடுகாக விசைகள், தொட்டு எழுத ஒரு குச்சி. ஞாயிறுதோறும் சார்ஜ் போட்டு, ஓர் ஆட்டம் சீட்டு விளையாடி, திரும்ப வைத்துவிடுவேன். வீட்டில் இதற்கு ‘அவரோட பூஜை’ என்று பெயர்.

அது என் கைக்கு வரும்போதே கிழடு. ரிச்சி தெருவில் பழசு வாங்கி விற்கும் ஒருவரிடம் எடுத்தேன். "சார், இது ஃபோனும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல, ஆனா ரெண்டு மாதிரியும் இருக்கும்" என்றார். இவ்வளவு நேர்மையாகப் பேசி ஒரு பொருளை விற்றவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதன் குறைகளைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். திரையில் ‘ஆம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க ‘இல்லை’யைத் தொட வேண்டும். தமிழ் தெரியாது. பாட்டரி உப்பியதால் பின்பக்க மூடியை ரப்பர் பாண்டு போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். யாராவது கூப்பிட்டால் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை மயக்கம் போட்டுவிடும். இத்தனைக்கும் அதன் மேல் எனக்கு அப்படியொரு பிரியம். ஆழ்வார்பேட்டையில் ஒரு விளம்பர அலுவலகத்தில் ஊறுகாய்க்கும் உள்பனியனுக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்த முப்பது வயதுப் பிரம்மச்சாரிக்கு, பையிலிருந்து எடுத்துப் பிளந்து காட்ட வேறு என்ன இருந்தது?

இன்றும் அதைப் பிளந்தால் சூடான பிளாஸ்டிக் வாசனை வரும். கூடவே, இல்லாத ஒரு வாசனையும் வரும்: குளோரின் போட்ட லாரித் தண்ணீர், ஈர சிமெண்ட். ஒரே கோடையில் இரண்டும் என் மூக்கில் குடியேறியவை.

அப்போது மயிலாப்பூரில், மந்தைவெளியை ஒட்டிய ஒரு சந்தில், எட்டு வீடு கொண்ட கட்டடத்தில் குடியிருந்தேன். ஊரே வற்றிக் கிடந்த கோடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வந்து, தரைக்கடியில் இருந்த சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகும். மாடித் தொட்டியை அடைத்துவிட்டார்கள். சம்ப்பில் ஒரு குட்டி மோட்டார், அதன் வாயில் பச்சை ஹோஸ். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து வீட்டுக்குப் பத்து நிமிஷம். பிடித்துக்கொண்டு குடம் குடமாக மேலே ஏற்ற வேண்டியதுதான்.

பத்து நிமிஷம் என்பதில்தான் தகராறு. ஒவ்வொருவர் கடிகாரமும் அவரவர் வீட்டுக்குச் சாதகமாக ஓடியது. யாரை நம்புவது? சங்கத் தலைவர் ராமதுரை மாமா, முதல் மாடி, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், என் கருவியைப் பார்த்துவிட்டு முடிவு சொன்னார். இதில் எண்ணிக்கை இறங்கி, பூஜ்யம் வந்ததும் கீச்சென்று கத்தும் வசதி இருந்தது. "மனுஷாளை நம்பப்படாது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. இவன்கிட்ட விடுங்கோ, குளிக்கறதுலயும் இவனுக்கு அவ்வளவா ஆர்வம் கிடையாது." இப்படித்தான், மொட்டைமாடிக்கு வேட்டி காயப்போடப் போனால்கூடச் சந்தேகமாகப் பார்க்கப்பட்ட பிரம்மச்சாரி, ஒரே நாளில் தண்ணீர்ச் செயலாளர் ஆனேன்.

மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருவேன். பெயர் கூப்பிட்டு, பத்து நிமிஷம் வைத்து, குச்சியால் சீட்டாடிக்கொண்டிருப்பேன். தங்கள் முறை வரும்போதுதான் ஆட்கள் இறங்கி வருவார்கள். ராமதுரை மாமா முறை வந்தால் மட்டும் ஆட்டத்தை விட்டுவிடுவேன். ஹோஸைக் குடத்தில் சொருகிவிட்டு அவர் கதை சொல்ல ஆரம்பிப்பார். அரக்கோணத்தில் ஒரு கூட்ஸ் வண்டி காணாமல் போன கதை. நாற்பது பெட்டி, எஞ்சினோடு. தொடர்கதை மாதிரி ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் நிறுத்துவார். பெரியவர் பேசும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லையே, கருவியை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். பேச வருகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களுக்கும் அதே மரியாதை.

மூன்றாம் மாடி ஸ்டெல்லா சிஸ்டர் பேச மாட்டார். ஒரு மருத்துவமனையில் இரவு முறை நர்ஸ். வேலை முடிந்து நேரே வந்து, சீருடையோடு ஹோஸைப் பிடிப்பார். சுவரில் தலை சாய்த்து நின்றபடியே தூங்குகிறார் என்று நினைப்பேன். எனக்கு அது நல்ல நேரம். ஒரு முழு ஆட்டம் முடியும்.

மூன்றாவது வாரம் பிரச்சினை வந்தது. கடைசி வீட்டு முறை வரும்போது சம்ப்பு காற்று வாங்கியது. சந்தேகம் முதலில் லாரி டிரைவர் மேல் விழுந்தது. மூங்கில் குச்சி விட்டு ஆழம் பார்த்தோம், சரியாக இருந்தது. பிறகு சம்ப்பில் ஓட்டை என்று சந்தேகம். மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். படியில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குடத்தைப் பார்த்தோம். கடைசியில் எல்லாச் சந்தேகமும் ஒன்றுகூடி, வழக்கம்போல, வாசலில் இருந்தவன் மேல் போய் இறங்கியது.

வாசலில், வாகை மரத்தடியில், இஸ்திரி வண்டி போட்டிருந்தார் ஏழுமலை. அடையாறு ஆற்றோரம் வீடு. பத்து வருஷமாக எங்கள் சட்டைகளெல்லாம் அவர் கையில்தான். துணிக்குத் தெளிக்க அவருக்குத் தண்ணீர் வேண்டும். மாட்டிக்கொள்ள அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டு, வண்டியை அப்புறப்படுத்தச் சொல்லித் தீர்மானம் என்றார் மாமா. ஏழுமலை இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னா சார் இது? ரெண்டு பாட்டில் தண்ணி தெளிச்சா சம்ப்பு வத்திடுமா? அதுவும் நான் தெருப் பம்புலேந்து அடிச்சுக்கினு வரேன். வண்டிய எட்துட்டு எங்க போவேன், நீங்களே சொல்லுங்க."

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மாமா. நானும் தூக்கினேன். கையில் கருவி இருந்ததால் பாதிதான் தூக்க முடிந்தது. மனசாட்சியால் என்று எழுதத்தான் ஆசை.

அப்போது பின்னாலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். என் கையிலிருந்ததைக் காட்டி, "அதைக் கொஞ்சம் இந்த ஸ்டூல் மேல வைங்க சார். பத்து நிமிஷம் வச்சு, மூடிடுங்க" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். மூடினேன். நாடி பார்க்கிற கடிகாரத்தை மார்பிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இந்தம்மா எதற்கோ அடி போடுகிறார் என்று எனக்கு அவர் மேலேயே சந்தேகம். எல்லோரும் நின்றோம். மாமா இரண்டு தடவை கதை சொல்ல வாயெடுத்து அடங்கினார்.

"பத்து நிமிஷம் ஆச்சு. சத்தம் வந்துச்சா?" என்றார் சிஸ்டர். வரவில்லை. "திறங்க."

திறந்தேன். ஒன்பது நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி பாக்கி என்றது.

"மூடினா அது தூங்கிடுது. நீங்க யார்கூடப் பேசினாலும் மூடிடறீங்க. எனக்கு மூடினதே இல்ல. என் பத்து நிமிஷத்துக்கு ஒம்பது குடம், மாமாவுக்குப் பதினாலு. என் முறைக்கு முன்னாடியே வந்து நின்னு, ஒரு மாசமா எண்ணிட்டிருக்கேன்."

முன்பே ஏன் சொல்லவில்லை என்று யாரோ கேட்டார்கள். "வேணும்னே செய்யறார்னு நெனச்சேன். கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். இன்னிக்கு இவர் பொழப்புல கை வைக்கறீங்க."

எட்டு வீட்டிலும் எல்லோர் கையிலும் கடிகாரம் இருந்தது. தன் குடம் நிறையும்போது யாரும் மணி பார்ப்பதில்லை, அவ்வளவுதான். லாரியைச் சந்தேகப்பட்டோம், சிமெண்டைச் சந்தேகப்பட்டோம், ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டோம். கம்ப்யூட்டரை மட்டும் கும்பிட்டோம். அது பொய் சொல்லவும் இல்லை. நான் யார் பேச்சைக் கேட்கிறேன், யாரைத் தூங்குகிறார் என்று விட்டுவிடுகிறேன் என்பதை, மைக் இல்லாமலே, குடக்கணக்கில் காட்டிவிட்டது.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்போ அந்தக் கூட்ஸ் வண்டியாலதான் நம்மாத்துக்கு அஞ்சு குடம் ஜாஸ்தி வந்திருக்கு" என்றார். ஏழுமலைதான் முதலில் சிரித்தார்.

தீர்மானம் மாறியது. தண்ணீர் நேரத்தில் செயலாளரிடம் யாரும் பேசக் கூடாது, கருவியை மூடக் கூடாது. சிஸ்டர் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார். நான் அங்கேயே குச்சியை எடுத்து, எட்டுப் பெயர்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் தட்டினேன்: ஒன்பது, ஏழுமலை, இரண்டு நிமிஷம்.

அவர் அந்த இரண்டு நிமிஷத்தை ஒரு நாளும் விடாமல் வாங்கினார். ஆனால் அதற்குப் பிறகு என் சட்டை மட்டும் எப்போதும் ஒரு நாள் தாமதமாக வரும். கேட்டால், "உங்க சட்ட தூங்கிடுச்சு சார்" என்பார். அந்தப் பாதிக் கையை அவர் முழுதாகப் பார்த்திருந்தார்.

மழை வந்தது. சில வருஷத்தில் கட்டடத்தையும் இடித்தார்கள், வாகை மரத்தையும் சேர்த்து. மாமா கூட்ஸ் வண்டியைக் கண்டுபிடிக்காமலே போய்ச் சேர்ந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் எங்கோ வளைகுடா நாட்டில் என்றார்கள். ஆற்றோர வீடுகளைக் காலி செய்தபோது ஏழுமலை குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்களாம். எட்டாவது மாடிக்கு இஸ்திரி வண்டி ஏறாது. நான் போய்ப் பார்த்ததில்லை. இப்போதைய என் குடியிருப்பில் நாற்பது வீடு. யார் எத்தனை லிட்டர் என்பது தெரியும். யார் யார் என்பது தெரியாது.

ஆப்புக்கு இன்னும் மைக் கொடுக்கவில்லை. பழைய கருவியைப் பிளந்தேன். அந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஒன்பதாம் எண்ணைத் தொட எட்டாம் எண்ணைத் தொட்டு, இரண்டு நிமிஷத்தை ஓடவிட்டு, மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் ஆகிவிட்டது.

இப்போது திறந்து பார்த்தேன். ஏழுமலைக்கு இன்னும் ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி பாக்கி இருக்கிறது.