மூச்சிரைக்க உள்ளே போனேன்

எண்பதுகளின் நடுவில் எனக்கு வத்தல்மலையில் டீச்சர் வேலை. அப்போது மேலே போக ரோடு கிடையாது. திங்கள் விடியலில் அடிவாரத்திலிருந்து நடக்க வேண்டும். மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறுவார்கள். நான் பத்தடிக்கு ஒரு பாறையில் உட்காருவேன். நெஞ்சுக்குள் ஈரத்துணியை அடைத்த மாதிரி இருக்கும். போய்ச் சேருவதற்குள் முதல் பீரியட் முடிந்திருக்கும்.

"மலைக்கு வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்க டீச்சர்" என்பார் தலைமை ஆசிரியர். ஏறிக் களைத்ததைவிட, களைப்பை நிரூபிக்கப் பார்த்துத்தான் அதிகம் களைத்தேன்.

கீழே மாறுதல் கேட்க டாக்டர் சீட்டு வேண்டும். தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் இரண்டு முறை போனேன். கூடவே அம்மா. டாக்டர் முன்னால் மூச்சிரைத்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லையாம். பெஞ்சில் உட்கார வைத்து, சோடா கொடுத்து, முகம் துடைத்து, பெண் பார்க்க வந்தவர்களிடம் அனுப்புவது போல உள்ளே அனுப்புவாள். ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்த நெஞ்சில் அவருக்கு என்ன கேட்கும்? குறை ஒன்றும் இல்லை என்றார். கடைசியில் அம்மாவே கேட்டாள்: "நெசமாவே முடியலையா, இல்ல வேலதான் புடிக்கலையா?" அன்று நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் முறை, அம்மா சோடா வாங்கப் போன நேரம் பார்த்து, பக்கத்து மாடிப்படியில் ஐந்து தடவை ஏறி இறங்கினேன். என் பெயரைக் கூப்பிட்டபோது சுவரைப் பிடித்தபடி உள்ளே போனேன்.

டாக்டர் ஏதோ திட்ட வாயெடுத்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் பேச்சு நின்றது. இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி வெகுநேரம் கேட்டார்.

"ஏறும்போது இதயம் நுரையீரலுக்கு நிறைய ரத்தம் அனுப்பும்மா. நல்லா இருக்கறவங்களுக்கு அங்க இருக்கற குழாயெல்லாம் விரிஞ்சு குடுக்கும், பிரஷர் பெருசா ஏறாது. உங்களுக்கு நுரையீரலத் தாண்டி இதயத்துக்குத் திரும்பற வழியில இருக்கற வால்வு சுருங்கிக் கெடக்குது. போக வழியில்லாம ரத்தம் நுரையீரல்லயே தேங்குது, பிரஷர் ஏறுது. உக்காந்தா அடங்கிடுது. அதான் எனக்கு முன்ன கேக்கல. மெட்ராஸ் போய் ஆபரேஷன் பண்ணிக்கணும்."

வெளியே அம்மா சோடா பாட்டிலோடு நின்றிருந்தாள். "என்ன சொன்னாரு?"

"ஆபரேஷன் பண்ணோணுமாம். நான் பொய் சொல்லலம்மா" என்றேன், வாயெல்லாம் சிரிப்பாக.

அத்தனை பேர் முன்னால் பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையை எடுக்காமல் அப்படியே அழுதாள்.